கட்டுமான மேலாண்மை மாணவர்களுக்கு டேட்டா அனலிட்டிக்ஸ்: புதிதாகப் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டுமான மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்கு டேட்டா அனலிட்டிக்ஸ் இப்போது பல இடங்களில் பாடமாக வந்துவிட்டது. எடுக்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் சிவில் ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையில் இருந்து ஒருவரைக் கேட்டு வாங்கினால் அவர் பைத்தான் நிரல்மொழியை நன்றாகச் சொல்லித்தருவார். ஆனால் க்யூப் ரிஜிஸ்டரையோ (கான்கிரீட் கட்டிகளின் வலிமைச் சோதனைப் பதிவேடு) டிபிஆரையோ (சைட்டின் தினசரி வேலை அறிக்கை) அவர் பார்த்திருக்க மாட்டார். இந்தக் கட்டுரை முதல்முறை இந்தப் பாடத்தைக் கையில் எடுக்கும் ஆசிரியர்களுக்கானது. சைட்டுக்கு வரும் டிரெய்னிகளுக்குச் சொல்லித்தரும் பிளானிங் இன்ஜினியர்களுக்கும் பயன்படும்.

பலரும் பாடத்தை சாஃப்ட்வேரில் இருந்து தொடங்குகிறார்கள். முதல் வாரம் பைத்தான் இன்ஸ்டால் செய்வது, இரண்டாம் வாரம் பூக்களின் அளவுகளோ கப்பல் பயணிகளின் பட்டியலோ உள்ள ஒரு மாதிரி ஃபைல். மாணவர்கள் கிராஃப் போடுவார்கள், மார்க்கும் வாங்குவார்கள். அப்புறம் வேலைக்குப் போனதும், சைட் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் ரிஜிஸ்டரை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். ஓர் எண் சைட்டில் எப்படி உருவாகிறது, யார் எழுதுகிறார், எந்த நேரத்தில் எழுதுகிறார், அதை வைத்து யாருக்குப் பணம் போகிறது என்பதெல்லாம் தெரிந்த மாணவரால்தான் அந்த எண்ணை அலச முடியும். இதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மீதிப் பாடம் தானாக அமையும்.

படி 1: ஒரு கேள்வியும், அதற்குக் காத்திருக்கும் ஓர் ஆளும்

முதல் வகுப்பில் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். சைட்டில் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் எடுக்க வேண்டிய முடிவுகளைப் போர்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கம்பி வேலைக்கு எத்தனை பேர் வேண்டும்? எந்த ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளான்ட்டில் இருந்து லாரி தாமதமாக வருகிறது? ஸ்டோரில் இருந்து போன சிமெண்டும் வேலையில் போயிருக்க வேண்டிய சிமெண்டும் ஏன் ஒத்துவரவில்லை? நான்காவது தளம் மழைக்கு முன்னால் முடியுமா?

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் எழுத வேண்டும். பதிலை வைத்து முடிவெடுப்பவர் யார், எப்போதுக்குள் அவருக்குப் பதில் வேண்டும். இந்த இரண்டும் எழுத முடியாத கேள்வியை அழித்துவிடுங்கள். "கட்டுமானத் தாமதத்தின் காரணங்களை ஆராய்க" என்பது போன்ற தலைப்புகள் இந்தச் சோதனையில் நிற்காது. நிற்காததே நல்லது.

படி 2: தரவு எங்கே கிடைக்கும்

சிறிய பில்டர்களிடமும் பழைய மாணவர்களிடமும் கேளுங்கள். கல்லூரி வளாகத்திலேயே ஏதாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால் அதைவிட நல்லது இல்லை. கேட்கும்போது "உங்கள் டேட்டா எல்லாம் கொடுங்கள்" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள். "முடிந்துபோன ஒரு பிளாக்கின் க்யூப் ரிஜிஸ்டர், போர் ரிஜிஸ்டர் (கான்கிரீட் ஊற்றிய நாள், அளவுப் பதிவேடு), மூன்று மாத ஆள் வருகைப் பதிவு, பெயர்களும் ரேட்டும் இல்லாமல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். ரேட் வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

தொழிலாளர்களின் பெயர், ஆதார் எண், போன் நம்பர், வங்கி விவரம் எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் பீகாரில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ வேலைக்கு வந்த ஒருவரின் ஆதார் எண் அறுபது மாணவர்களின் லேப்டாப்பில் சுற்றுவது சரியில்லை. சைட்டில் இருந்து வாங்கும்போதே பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேலை வகையும் தேதியும் இருந்தால் போதும்.

சைட் தரவு கிடைக்கும்வரை பொதுவெளியில் இருப்பதை வைத்துத் தொடங்கலாம். 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசின் உள்கட்டமைப்புத் திட்டங்களைப் பற்றிப் புள்ளியியல் அமைச்சகம் மாதாந்திர அறிக்கை வெளியிட்டு வருகிறது. முதலில் போட்ட செலவு மதிப்பீடு, இப்போதைய மதிப்பீடு, முதலில் சொன்ன முடிவுத் தேதி, இப்போது எதிர்பார்க்கும் தேதி எல்லாம் அதில் இருக்கும். அதைக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டங்களின் பட்டியல் அது, முடிந்தவை வெளியேறிவிடும். ஆகவே நேரத்துக்கு முடிந்தது சீக்கிரம் பட்டியலை விட்டுப் போய்விடும், இழுத்துக்கொண்டே போவது மாதாமாதம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை மட்டும் வைத்து "இத்தனை சதவீதத் திட்டங்கள் தாமதமாகின்றன" என்று சொன்னால் நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். புள்ளியியல் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் புரியாதது இந்த ஒரு பட்டியலில் புரிந்துவிடும்.

தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் பதிவான திட்டங்களின் விவரங்களையும் பார்க்கலாம். திட்டத்தின் நிலவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மழை அளவுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை. கான்கிரீட் வலிமைக்கு ஒரு புகழ்பெற்ற ஃபைல் இருக்கிறது, அதைக் கணிப்புப் பகுதியில் சொல்கிறேன்.

படி 3: பேப்பரில் இருந்து ஷீட்டுக்கு

டிபிஆர் என்பது பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்குவதற்காக வடிவமைத்த தாள். மேலே கம்பெனி பெயர், நடுவில் மெர்ஜ் செய்த கட்டங்கள், ஒரே கட்டத்தில் "3வது தளம் ஸ்லாப் சென்ட்ரிங் 60% முடிந்தது, மழையால் மதியம் நிறுத்தம்" என்று ஒரு வாக்கியம். இதை அப்படியே எக்செல்லில் ஏற்றினால் எதையும் கூட்டவோ பிரிக்கவோ முடியாது.

இரண்டு நாள் டிபிஆரைக் காப்பி எடுத்துக் கொடுத்து, என்னென்ன நெடுவரிசை வேண்டும் என்று குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யச் சொல்லுங்கள். விதி ஒன்றுதான்: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசை. ஒரே நாளில் மூன்று இடங்களில் சென்ட்ரிங் நடந்தால் மூன்று வரிசை. தேதி, பிளாக், தளம், வேலை, அளவு, அலகு, ஆட்கள், வேலை நேரம், தடை, தடைக்கான காரணம் என்று பிரிந்து வரும். அப்புறம் அவர்களே இரண்டு வாரத் தாள்களைத் தட்டச்சு செய்யட்டும். போரடிக்கும் வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள். காலியாக விட்ட கட்டம் "வேலை இல்லை" என்பதா, "எழுத மறந்துவிட்டார்கள்" என்பதா என்ற கேள்வி தட்டச்சு செய்பவருக்குத்தான் வரும். இரண்டையும் பூஜ்யம் என்று போட்டுவிட்டால் பின்னால் போடும் கணக்கு எல்லாமே கெட்டுவிடும்.

படி 4: அலகும் தேதியும்

நம் ஊர் சைட்டில் அலகுக் குழப்பம் நிறைய. டிராயிங் மீட்டரில் இருக்கும். எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட்டில் வரும், ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர்; கான்கிரீட் கன மீட்டரில்; பூச்சு வேலையை மேஸ்திரி சதுர அடியில் சொல்வார், பில்லில் சதுர மீட்டராக மாறும். கம்பி டன்னில் வந்து இறங்கும், பார் பெண்டிங் அட்டவணையில் (எந்தக் கம்பியை எந்த நீளத்தில் வெட்டி வளைப்பது என்ற பட்டியல்) மீட்டரில் இருக்கும். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் என்பது மாணவர்களுக்கே தெரியும். அதை ஒரு நெடுவரிசையாக்கி, லாரி எடைச் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கம்பிக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 1786 அனுமதிக்கும் எடை வித்தியாசத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல முதல் பயிற்சி.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 05/06/2024 என்று எழுதியதை எக்செல் ஜூன் 5 என்றும் எடுக்கும், மே 6 என்றும் எடுக்கும். அந்தக் கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்தது. மாதத்தை முதலில் எடுக்கும் கம்ப்யூட்டரில் 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை எழுத்தாக நின்றுவிடும், 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் மாறிவிடும். கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும் தேதிகளைத் தேடச் சொல்லுங்கள். அவை எழுத்தாகப் பதிந்தவை. ஒரே கான்கிரீட் வலிமை வகையை எம்25, எம்-25, எம் 25 என்று எழுதினால் மூன்றும் கம்ப்யூட்டருக்கு மூன்று வேறு கான்கிரீட். இதெல்லாம் சரிசெய்ய எக்செல்லில் உள்ள பவர் குவரி என்ற கருவியைப் பழக்குவது நல்லது, ஏனென்றால் செய்த மாற்றங்கள் வரிசையாகப் பதிவாகி இருக்கும், யார் வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

படி 5: க்யூப் ரிஜிஸ்டர்

பாடத்தின் மையம் இதுதான். மூன்று வாரம் ஒதுக்குங்கள், நான்கு ஆனாலும் பரவாயில்லை. சராசரி, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு), பரவல், விதிவிலக்கான மதிப்புகள், இரண்டு அட்டவணைகளை இணைப்பது, தரவை நம்பலாமா என்று பார்ப்பது எல்லாமே இந்த ஒரு ரிஜிஸ்டருக்குள் இருக்கின்றன. விதிமுறையும் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 தான்.

முதலில் ஒரு வரிசையை மட்டும் எடுங்கள். எம்25 கான்கிரீட், மூன்று க்யூபின் வலிமை (சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன்): 28.4, 30.2, 21.7. சராசரி 26.8 என்று வருகிறது. 25-க்கு மேல் இருக்கிறதே, பாஸ் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். ஒரு மாதிரியின் மூன்று க்யூபும் சராசரியில் இருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது விதி. 21.7 கிட்டத்தட்ட 19 சதவீதம் கீழே இருக்கிறது. இந்த மாதிரியே செல்லாது. சராசரி என்ற ஒற்றை எண் எதை மறைக்கிறது என்பது மாணவர்களுக்கு இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை ரிஜிஸ்டர் முழுக்க ஒரே ஃபார்முலாவில் ஓட்டச் சொல்லுங்கள்.

அடுத்து திட்ட விலக்கம். இரண்டு சைட்டை ஒப்பிடுங்கள். ஒன்றில் சராசரி 30, திட்ட விலக்கம் 2. மற்றதில் சராசரி 33, திட்ட விலக்கம் 6. எது நல்ல கான்கிரீட்? 33 என்றுதான் பதில் வரும். மணி வடிவப் பரவல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் சைட்டில் 25-க்குக் கீழே விழக்கூடியது ஆயிரத்துக்கு ஆறு. இரண்டாவதில் நூற்றுக்கு ஒன்பது. 5 சதவீதத்துக்கு மேல் கீழே விழக்கூடாது என்பதுதான் எம்25 என்ற பெயரின் அர்த்தமே. 25-ஓடு திட்ட விலக்கத்தின் 1.65 மடங்கைக் கூட்டி மிக்ஸ் டிசைனில் (கான்கிரீட் கலவை விகிதத்தை முடிவு செய்வதில்) இலக்கு வைக்கிறோமே, அந்த 1.65 எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே புரியும். எம்25-க்கு விதிநூல் ஆரம்பத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் திட்ட விலக்கம் 4. ஆகவே இலக்கு 31.6. குறைந்தது 30 சோதனை முடிவுகள் சேர்ந்த பிறகு சைட்டின் சொந்த விலக்கத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். விலக்கம் 4-இல் இருந்து 3-க்கு இறங்கினால் இலக்கு ஏறத்தாழ 30-க்கு வந்துவிடும். அதில் மிச்சமாகும் சிமெண்ட் எவ்வளவு என்று மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். திட்ட விலக்கத்துக்கு ஒரு ரூபாய் மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் அவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக இரண்டு ரிஜிஸ்டரை இணைப்பது. போர் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு கான்கிரீட் போட்ட நாளும் அளவும் இருக்கும். ஐஎஸ் 456 படி 31 முதல் 50 கன மீட்டர் வரை நான்கு மாதிரி, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று கூடுதல். 120 கன மீட்டர் போட்ட நாளில் ஆறு மாதிரி, பதினெட்டு க்யூப் இருக்க வேண்டும். தேதியையும் இடத்தையும் வைத்து க்யூப் ரிஜிஸ்டரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, இருக்க வேண்டியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதிக கான்கிரீட் போட்ட நாட்களில், அதுவும் இரவு போட்ட கான்கிரீட்டில் மாதிரி குறைகிறதா என்று பார்ப்பது மாணவர்கள் ஆர்வத்தோடு தேடும் விஷயம்.

கடைசியாக, தரவை நம்பலாமா என்று சோதிப்பது. இதைச் சொல்லித்தரத் தயங்காதீர்கள். 28 நாள் வலிமைச் சோதனை என்றால், சோதனைத் தேதியில் இருந்து வார்ப்புத் தேதியைக் கழித்தால் 28 வர வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் சரியாக 28 வருகிறதா? அப்படியானால் எத்தனை சோதனை ஞாயிற்றுக்கிழமை விழுகிறது? லேப் ஞாயிறு திறந்திருந்ததா? எல்லா முடிவும் 32-க்கும் 33-க்கும் நடுவிலேயே நிற்கிறதா? எம்25 கான்கிரீட்டுக்கு விதிநூலே 4 என்று எடுத்துக்கொள்ளும் விலக்கம், சாதாரண சைட்டில் ஒன்றுக்கும் கீழே வருவது சந்தேகப்பட வேண்டிய விஷயம். பரவல் படம் போட்டுப் பாருங்கள். 24-இல் ஒன்றும் இல்லாமல் 25-ஐத் தாண்டியதும் திடீரென்று குவிந்திருந்தால் அங்கே இயந்திரத்தைப் பார்த்து எழுதவில்லை, விதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. இது குற்றச்சாட்டு ஆகாது, கேள்விதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசாரிக்க வேண்டிய வரிசைகளைக் காட்டுவதோடு மாணவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டடத்தில் நாளைக்குக் குடும்பங்கள் குடியேறப் போகின்றன; ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் எந்த மாணவரும் இந்தப் பாடத்தை முடித்துவிட்டுப் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 6: ஆள் வருகையும் வேலை அளவும்

இங்கேதான் பிவட் டேபிளை (வரிசைகளை வகைவாரியாகக் கூட்டித் தரும் எக்செல் வசதி) அறிமுகப்படுத்துங்கள். வேலை வகை வாரியாக, வாரம் வாரியாக ஆட்களையும் அளவையும் கூட்டி, ஓர் ஆளுக்கு எவ்வளவு வேலை என்று பார்ப்பதுதான் அடிப்படைப் பயிற்சி. ஆனால் "ஓர் ஆள்" என்பது என்ன என்று முதலில் கேளுங்கள். காலையில் வந்து இரவுவரை நின்றவருக்கு ரிஜிஸ்டரில் ஒன்றரை ஆள் என்று போட்டிருப்பார்கள், சம்பளத்துக்காக.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுங்கள். சாதாரண நாளில் 12 பேர் எட்டு மணி நேரத்தில் 1,920 கிலோ கம்பி கட்டினார்கள். தலைக்கு 160 கிலோ. ஓவர்டைம் நாளில் அதே 12 பேர் பன்னிரண்டு மணி நேரத்தில் 2,700 கிலோ. தலைக்கு 225, ஆகா என்று தோன்றும். ரிஜிஸ்டரில் உள்ளபடி 18 ஆள் என்று வகுத்தால் 150. மணிக் கணக்கில் பார்த்தால் முதல் நாள் 20 கிலோ, ஓவர்டைம் நாளில் 18.75. ஒரே தரவில் ஒரு கணக்கு வேகம் கூடியதாகச் சொல்கிறது, மற்ற இரண்டு குறைந்ததாகச் சொல்கின்றன. எதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள். ஸ்லாப் தேதியைப் பிடிக்க வேண்டும் என்றால் தலைக்கணக்கு உதவும். செலவு என்று வந்தால் மணிக்கணக்குதான்.

அப்புறம் காரணம் தேடும் பயிற்சி. அக்டோபர், நவம்பரில் ஆள் எண்ணிக்கை விழும். மாணவர்கள் உடனே மழை என்பார்கள். சென்னைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது, எனவே தவறில்லை. ஆனால் தீபாவளியும் அதே சமயத்தில்தான். பீகார்க்காரர்கள் அதிகமுள்ள சைட்டில் சட் பூஜைக்கு ஊருக்குப் போவார்கள், அது தீபாவளிக்கு ஆறாம் நாள். மூன்றையும் எப்படிப் பிரிப்பது? தினசரி மழை அளவைப் பக்கத்தில் வையுங்கள். மழை இல்லாத நாட்களிலும் ஆள் குறைகிறதா என்று பாருங்கள். உள்ளே நடக்கும் பூச்சு வேலையையும் வெளியே நடக்கும் வேலையையும் தனித்தனியாகப் பாருங்கள். பொங்கல் வாரத்தில் மழையில்லாமலே எவ்வளவு விழுகிறது என்று ஒப்பிடுங்கள். முழுமையான பதில் வராமல் போகலாம். ஆனால் ஆட்கள் ஊருக்குப் போவது தெரிந்திருந்தால் முன்கூட்டியே திட்டமிட முடியும்.

இன்னொரு பொறி: வேலை அளவு ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் எகிறும். அப்போது ஆட்கள் வேகமாக வேலை செய்தார்கள் என்று மாணவர் எழுதிவருவார். ஆர்ஏ பில் (முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்) போடும் தேதியைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அளவெடுத்து எழுதிய நாள் வேறு, வேலை நடந்த நாள் வேறு.

படி 7: திட்டமும் செலவும்

ஏர்ன்டு வேல்யூவை (முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் முறை) மாணவர்கள் வேறு தாளில் படித்திருப்பார்கள், ஆகவே சுருக்கமாகப் போகலாம். 100 லட்சம் மதிப்புள்ள வேலையில் இன்றைக்கு 40 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 32 லட்சத்துக்கு. செலவானது 38 லட்சம். கால அட்டவணைக் குறியீடு 0.80, செலவுக் குறியீடு 0.84, இதே போக்கில் போனால் முடிவில் சுமார் 119 லட்சம். கணக்கு இவ்வளவுதான். நேரத்தைச் செலவிட வேண்டியது அந்த 32 எப்படி வந்தது என்பதில். "90 சதவீதம் முடிந்தது" என்று ஒரு மாதமாக நிற்கும் வேலைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்ட்ரிங் முடிந்தால் இவ்வளவு, கம்பி முடிந்தால் இவ்வளவு, கான்கிரீட் போட்டால் இவ்வளவு, பிரித்தால்தான் மீதி என்று முன்கூட்டியே பங்கு போட்டு வைத்தால் யார் எழுதினாலும் ஒரே எண் வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: எவ்வளவு தாமதமான திட்டத்திலும் வேலை முடியும்போது கால அட்டவணைக் குறியீடு 1-க்கு வந்து நின்றுவிடும். கடைசிக் கட்டத்தில் அதை நம்பி உட்காரக்கூடாது.

படி 8: கணிப்பு, கடைசியில்தான்

மெஷின் லேர்னிங் எப்போது சார் என்று முதல் வாரமே கேட்பார்கள். பத்தாவது வாரத்துக்கு முன் வேண்டாம். அப்போது ஐ-செங் யே 1998-இல் வெளியிட்ட கான்கிரீட் வலிமைத் தரவை எடுங்கள். யுசிஐ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1,030 வரிசை, சிமெண்ட், இரும்பு உலைக் கசடு, ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்), தண்ணீர், சூப்பர்பிளாஸ்டிசைசர், ஜல்லி, மணல், வயது என எட்டு உள்ளீடு. கூகுள் கொலாபில் பைத்தான் ஓட்டினால் கல்லூரி லேபில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

முதலில் சிமெண்டை மட்டும் வைத்து ஒரு நேர்கோடு பொருத்தட்டும். பிறகு தண்ணீரை சிமெண்டால் வகுத்து ஒரு புதிய நெடுவரிசை. டஃப் ஆப்ரம்ஸ் 1918-இல் சொன்ன தண்ணீர்-சிமெண்ட் விகிதம் அதுதான். கசடும் ஃபிளை ஆஷும் கலந்த வரிசைகளில் அவற்றையும் சேர்த்து வகுத்துப் பார்க்கலாம். வயதை அப்படியே போடுவதற்கும் அதன் லாகரிதத்தைப் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்க்கட்டும். சிவில் அறிவு கணிப்பை எவ்வளவு மேம்படுத்துகிறது என்று அங்கே தெரியும். அந்த ஃபைலில் ஒரே வரிசை இரண்டு முறை வரும் இடங்கள் உண்டு. அவற்றை நீக்காமல் தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதியது போல் ஆகிவிடும்; கிடைக்கும் துல்லியம் பொய். இந்த மாடலை நம் சைட்டில் பயன்படுத்தலாமா என்று கடைசியில் கேளுங்கள். நாம் போடுவது ஃபிளை ஆஷ் போன்றவை கலந்த பிபிசி சிமெண்டும் எம்-சாண்டும். அந்தத் தரவு வேறு ஊரின் வேறு பொருட்களால் ஆனது. கூடாது என்ற பதிலைக் காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

படி 9: ஒரு பக்க அறிக்கை

டேஷ்போர்டுக்கு பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸில்தான் ஓடும். இரண்டு வகுப்பு போதும். ஐந்து வண்ணமும் எட்டு வட்டப் படமும் போட்ட பக்கத்தை சைட்டில் யாரும் திறப்பதில்லை. ஒரு பக்கம் போதும்: மேலே கேள்வி, அடுத்து ஒரே வரியில் பதில், ஒரு படம், எந்தத் தரவை விட்டோம் ஏன் விட்டோம் என்று மூன்று வரி, கடைசியில் என்ன செய்யலாம் என்று ஒரு பரிந்துரை. தமிழிலும் ஒரு பிரதி எழுதச் சொல்லுங்கள். மேஸ்திரியும் ஸ்டோர் கீப்பரும் படிப்பார்கள், படித்துவிட்டு "அந்த வாரம் கம்பி லாரியே வரலப்பா" என்று தரவில் இல்லாத விஷயத்தைச் சொல்வார்கள். அதையும் சேர்த்துத் திருத்திய அறிக்கைதான் மதிப்பெண்ணுக்கு வர வேண்டும்.

மதிப்பெண் பிரிப்பில், சுத்தம் செய்த பதிவேடும் அதற்கான குறிப்புகளும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெறட்டும். சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஃபார்முலாவுக்கும் நிரலுக்கும் பயன்படுத்த விடலாம்; தடுத்தாலும் பயன்படுத்தத்தான் போகிறார்கள். ஆனால் வாய்மொழித் தேர்வில் ரிஜிஸ்டரின் ஏதாவது ஒரு வரிசையைக் காட்டி, இந்த எண்ணை யார் எழுதியிருப்பார், எதை வைத்து எழுதியிருப்பார், நீங்கள் ஏன் இதை வைத்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல சைட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

சைட் விசிட்டை செமஸ்டரின் மூன்றாவது வாரத்திலேயே வைத்துவிடுங்கள், முடிந்தால் கான்கிரீட் போடும் நாளாகப் பார்த்து. ஹெல்மெட், ஷூ, அனுமதிக் கடிதம் எல்லாம் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். ஒரு குழு லாரி வந்த நேரத்தையும் இறக்கிய நேரத்தையும் எழுதட்டும், ஒரு குழு ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளகுதன்மை) பார்ப்பவர் பக்கத்தில் நிற்கட்டும், ஒரு குழு க்யூப் நிரப்புவதைக் கவனிக்கட்டும். அன்றைக்கு வார்த்த க்யூப்களின் எண்களைக் குறித்துக்கொண்டு வந்தால், ஏழாவது வாரத்தில் 28 நாள் சோதனைக்கு மறுபடி போகலாம். நீங்கள் க்யூப் ரிஜிஸ்டர் நடத்திக்கொண்டிருக்கும் சமயத்தில் அந்த வரிசைகள் உள்ளே வந்து சேரும்.